ஏ.வி.எல். மரமும் ஹீப்பும்: உங்கள் கையால் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

தானாகச் சமன் செய்துகொள்ளும் தேடல் மரத்தையும் (அதில் ஒரு வகைதான் ஏ.வி.எல்.) ஹீப்பையும் (ஆகச் சிறியது அல்லது ஆகப் பெரியது எப்போதும் உச்சியில் இருக்கும் மரம்) பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். படத்தில் பார்த்தால் எல்லோருக்கும் புரிகிறது. கோடு, அதாவது புரோகிராம், எழுத உட்கார்ந்ததும் தடுமாறுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் ஒரே ஏழெட்டு இடங்களில். எந்த வரியை எதற்கு முன்னால் எழுதுவது என்பதில்தான் சிக்கல். ஆகவே இந்த வழிகாட்டி படிகளின் வரிசையைப் பற்றியது. எந்த மொழியில் எழுதினாலும் பொருந்தும்படி கோடை வார்த்தைகளாகவே சொல்லியிருக்கிறேன்.

1. தொடங்கும் முன்

மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பது (ரிகர்ஷன்), பாயின்டர் அல்லது ரெஃபரன்ஸை வேறொன்றுக்கு மாற்றி வைப்பது, அரேயில் இன்டெக்ஸ் 0-லிருந்து தொடங்குவது. முதலாவதில் தயக்கம் இருந்தால் ஒரு மரத்தின் உயரத்தை (எத்தனை மட்டங்கள் என்பதை) கணக்கிடும் ஃபங்ஷனை மட்டும் நான்கைந்து முறை எழுதிப் பாருங்கள். அது வந்துவிட்டால் மீதியும் வந்துவிடும்.

பேப்பரும் பென்சிலும் வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சுழற்சியைத் திரையில் மட்டும் பார்த்துப் பழகியவர்கள் நடுக்கிளையைத் தொலைத்துவிடுகிறார்கள். சுழற்சி, நடுக்கிளை இரண்டும் என்ன என்பது ஆறாம் படியில் வரும்.

2. எதைத் தொடக் கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இரண்டும் மரங்கள்தான். ஆனால் அவை காப்பாற்றும் விஷயங்கள் வேறு.

தேடல் மரத்தில் வரிசை எந்த நொடியிலும் கெடக் கூடாது. ஒரு நோடின் (மரத்தில் ஒரு மதிப்பை வைத்திருக்கும் முடிச்சு) இடப்பக்கம் முழுவதும் அதைவிடச் சிறியவை, வலப்பக்கம் முழுவதும் பெரியவை. வடிவம் கெடலாம், கெட்டதும் சுழற்றிச் சரிசெய்கிறோம்.

ஹீப்பில் இது தலைகீழ். வடிவம் ஒருபோதும் கெடக் கூடாது. மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, இடைவெளி விடாமல் நிரம்பியிருக்க வேண்டும். பெற்றோர்–பிள்ளை வரிசைதான் சற்று நேரம் கெடும், அதை மேலேயோ கீழேயோ நகர்த்திச் சரிசெய்கிறோம்.

புதிதாகக் கற்பவர்கள் ஹீப்பில் வேரை (உச்சியில் உள்ளதை) எடுத்ததும் அந்தக் காலி இடத்துக்குப் பிள்ளைகளில் ஒன்றை ஏற்றி, அங்கே விழும் ஓட்டைக்குப் பேரப்பிள்ளையை ஏற்றிக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் அடிமட்டத்தின் நடுவில் ஓட்டை விழுகிறது. வரிசை சரியாகத்தான் இருக்கும், வடிவம் போய்விடும். எதைக் காப்பது என்று முதலிலேயே தெரிந்திருந்தால் இந்த வழியில் போகவே மாட்டார்கள்.

3. முதலில் சோதனைக் கோடு

மரத்தை எழுதும் முன்பே அதைச் சோதிக்கும் ஃபங்ஷனை எழுதுங்கள். காரணம் இருக்கிறது. சமன் கெட்ட மரம் தேடலுக்குச் சரியான விடையைத்தான் தரும், கொஞ்சம் மெதுவாகத் தரும், அவ்வளவுதான். பிழை இருப்பதே உங்களுக்குத் தெரியாது.

தேடல் மரத்துக்கு மூன்று சோதனைகள். முதலாவது, வரிசை. இங்கேயே ஒரு பொறி உண்டு. ஒவ்வொரு நோடையும் அதன் பிள்ளைகளோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. வேர் 40, அதன் இடது பிள்ளை 30, அந்த 30-இன் வலது பிள்ளை 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 என்பது 30-ஐவிடப் பெரியது, 30 என்பது 40-ஐவிடச் சிறியது, ஒப்பீடுகள் எல்லாம் தேறிவிடும். ஆனால் 40-இன் இடப்பக்கத்தில் 45 உட்கார்ந்திருக்கிறது. ஆகவே மேலிருந்து கீழே இறங்கும்போது குறைந்தபட்சம், அதிகபட்சம் என்ற இரண்டு எல்லைகளைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு நோடிலும் இடது வலது உயரங்களின் வித்தியாசம் 1-ஐத் தாண்டக் கூடாது. மூன்றாவது, நோடில் எழுதி வைத்த உயரமும் உண்மையான உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும். சோதனை ஃபங்ஷன் எழுதி வைத்த உயரத்தை நம்பக் கூடாது, தானே புதிதாகக் கணக்கிட வேண்டும். நம்பினால் திருடனிடமே சாவியைக் கொடுத்த கதைதான்.

ஹீப்புக்கு (சிறியது மேலே இருக்கும் வகையை வைத்துச் சொல்கிறேன்) ஒரே சோதனை போதும். எந்தப் பிள்ளையும் தன் பெற்றோரைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. அரேயில் வைத்திருப்பதால் வடிவம் தானாகவே காப்பாற்றப்படுகிறது.

4. சமன் செய்யாத தேடல் மரம்

இப்போது சாதாரணத் தேடல் மரத்தில் சேர்ப்பதை எழுதுங்கள், உயரம் சுழற்சி எதுவும் இல்லாமல். எழுதும் முறை முக்கியம். ‘சேர்’ என்ற ஃபங்ஷன் ஒரு நோடையும் மதிப்பையும் வாங்கி, சேர்த்த பிறகு அந்த இடத்தில் இருக்க வேண்டிய நோடைத் திருப்பித் தர வேண்டும். அழைப்பவர் அதை வாங்கித் தன் இடதிலோ வலதிலோ மறுபடி பொருத்த வேண்டும்: ‘நோடின் இடது = சேர்(நோடின் இடது, மதிப்பு)’.

இப்போதைக்கு இது தேவையற்ற வேலையாகத் தெரியும். சுழற்சி வந்த பிறகு ஒரு கிளையின் தலையே மாறிவிடும். திருப்பித் தருவதை வாங்கிப் பொருத்தவில்லை என்றால் பெற்றோர் பழைய தலையையே பிடித்துக்கொண்டிருக்கும், மரத்தில் பாதி காணாமல் போகும். வெளியே வேரைப் பிடித்திருக்கும் மாறிக்கும் இதே விதிதான். ‘சேர்(வேர், 50)’ என்று மட்டும் எழுதிவிட்டு ‘வேர் =’ என்பதை விட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த பிழை.

எழுதியதும் 1 முதல் 7 வரை வரிசையாகச் சேர்த்துப் பாருங்கள். மரம் வராது, வலப்பக்கம் சரியும் ஒரு சங்கிலிதான் வரும். பைத்தானில் இதே ரிகர்ஷன் முறையில் 1 முதல் 2000 வரை வரிசையாகச் சேர்த்தால் பாதி வழியில் பிழைச்செய்தியோடு நின்றுவிடும், ஏனென்றால் அங்கே ரிகர்ஷன் ஆழத்துக்கான இயல்பான எல்லை 1000. 10 லட்சம் எண்களை நன்றாகப் பரப்பினால் 20 மட்டங்களில் அடங்கும். சங்கிலியானால் 10 லட்சம் மட்டங்கள். ஏ.வி.எல். விதியை, அதாவது எந்த நோடிலும் இடது வலது உயர வித்தியாசம் 1-ஐத் தாண்டாது என்பதை, கடைப்பிடித்தால் எவ்வளவு மோசமான வரிசையில் வந்தாலும் 28 மட்டங்களைத் தாண்டாது.

ஒரே மதிப்பு இரண்டு முறை வந்தால் என்ன செய்வது என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். ‘சமமானது வலப்பக்கம் போகட்டும்’ என்று விடுவது ஏ.வி.எல்.-இல் ஆபத்து. 50, 50, 50 என்று சேர்த்தால் சுழற்சிக்குப் பிறகு ஒரு 50 இடப்பக்கம் வந்துவிடும், வலப்பக்கம் மட்டும் தேடும் உங்கள் கோடு அதைப் பார்க்காது. நோடிலேயே ‘எத்தனை முறை’ என்று ஓர் எண்ணிக்கையை வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

5. உயரத்தைச் சேருங்கள், இன்னும் சுழற்ற வேண்டாம்

ஒவ்வொரு நோடிலும் உயரம் என்ற புலத்தைச் சேருங்கள். காலி இடத்தின் உயரம் 0, தனி நோடின் உயரம் 1. சில பாடப்புத்தகங்கள் காலிக்கு −1, தனி நோடுக்கு 0 என்று வைக்கும். எது வேண்டுமானாலும் இருக்கட்டும், இரண்டையும் கலக்காதீர்கள். ஒரு தளத்திலிருந்து பாதியும் இன்னொன்றிலிருந்து மீதியும் எடுத்து ஒட்டுபவர்களுக்கு இந்தக் கலப்படம்தான் முதல் தலைவலி.

காலி நோடின் உயரத்தைக் கேட்டால் 0 தருவதற்குத் தனியாக ஒரு சிறு ஃபங்ஷன் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு இடத்திலும் நல் (எதையும் காட்டாத காலி பாயின்டர்) இருக்கிறதா என்று சோதிக்க வேண்டியிருக்கும், ஓரிடத்தில் மறப்பீர்கள்.

அடுத்து சாய்வு. பேலன்ஸ் ஃபேக்டர் என்று புத்தகங்களில் இருப்பதைத்தான் சாய்வு என்கிறேன். இடது உயரத்திலிருந்து வலது உயரத்தைக் கழித்தால் சாய்வு. நேர்மறை என்றால் இடப்பக்கம் கனம். இதையும் சிலர் மாற்றிக் கழிப்பார்கள், அப்படிச் செய்தால் கீழே நான் சொல்லும் எல்லாக் குறிகளையும் நீங்கள் மாற்ற வேண்டியிருக்கும்.

‘சேர்’ ஃபங்ஷனின் கடைசியில், நோடைத் திருப்பித் தருவதற்குச் சற்று முன், உயரத்தைப் புதுப்பியுங்கள். ரிகர்ஷன் கீழிருந்து திரும்பி வரும் பாதையில் இது நடப்பதால் பிள்ளைகளின் உயரம் முதலில் சரியாகி, பெற்றோரின் உயரம் அதன்பின் சரியாகும். இந்த இடத்தில் சோதனைக் கோடை ஓட்டுங்கள். வரிசையும் உயரமும் தேற வேண்டும், சமன் தேறாது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

6. ஒரு சுழற்சி

இடப்பக்கம் கனத்த ஒரு நோடை வலப்புறம் சுழற்றுவதைப் பார்ப்போம். அந்த நோடை ‘மேல்’ என்போம். அதன் இடது பிள்ளை ‘கீழ்’. கீழின் வலப்பக்கக் கிளை ‘நடு’. சுழற்சி முடிந்ததும் இடங்கள் மாறிவிடும், பெயர்களை மாற்றாதீர்கள்.

வரிசை இது. (1) கீழை ஒரு மாறியில் எடுங்கள். (2) நடுவை ஒரு மாறியில் எடுங்கள். (3) கீழின் வலதில் மேலை வையுங்கள். (4) மேலின் இடதில் நடுவை வையுங்கள். (5) மேலின் உயரத்தைப் புதுப்பியுங்கள். (6) கீழின் உயரத்தைப் புதுப்பியுங்கள். (7) கீழைத் திருப்பித் தாருங்கள்.

இரண்டாவதைத் தவிர்த்துவிட்டு மூன்றாவதைச் செய்தால் நடுக்கிளை போய்விடும். அதைப் பிடித்திருந்த ஒரே கை கீழின் வலதுதான், அந்தக் கையில் இப்போது மேலைக் கொடுத்துவிட்டீர்கள். சிறிய மரங்களில் நடு பெரும்பாலும் காலியாக இருப்பதால் மூன்று எண்களோடு சோதித்துவிட்டு ‘வேலை செய்கிறது’ என்று நகர்ந்துவிடுவார்கள்.

நடு ஏன் மேலின் இடதுக்குப் போகிறது? அதில் இருப்பவை எல்லாம் கீழைவிடப் பெரியவை, மேலைவிடச் சிறியவை. மேலின் இடது இப்போது காலி. வரிசை கெடாமல் வைக்க வேறு இடமே இல்லை.

ஐந்தும் ஆறும் இடம் மாறினால் வரும் பிழை இன்னும் மோசம். இப்போது கீழ்தான் மேலே இருக்கிறது, அதன் உயரம் மேலின் உயரத்தைச் சார்ந்தது. கீழை முதலில் கணக்கிட்டால் மேலின் பழைய உயரத்தை எடுத்துக்கொள்ளும். மரம் உடையாது, பிழைச்செய்தி வராது, ஆனால் அதற்குப் பின் எடுக்கும் முடிவுகள் தவறாகிக்கொண்டே போகும். மூன்றாம் படியில் உயரத்தைத் தனியாகக் கணக்கிடச் சொன்னது இதற்காகத்தான்.

இடப்புறச் சுழற்சி இதன் கண்ணாடிப் பிம்பம். நகல் எடுத்து இடது வலதை மாற்றும்போது ஒரு வரியில் மாற்ற மறப்பது சகஜம். நகல் எடுக்காமல் ஒருமுறை புதிதாகவே எழுதிவிடுங்கள்.

7. நான்கு நிலைகள், ஏழு எண்கள்

எப்போது எந்தச் சுழற்சி என்பதற்கு நிறைய பேர் ‘புதிதாக வந்த எண் பிள்ளையைவிடச் சிறியதா பெரியதா’ என்று ஒப்பிடுகிறார்கள். சேர்க்கும்போது இது சரியாகவே வேலை செய்யும். நீக்கும்போது புதிதாக வந்த எண் என்று ஒன்று கிடையாது, முழுக்க மாற்றி எழுத வேண்டியிருக்கும். ஆகவே ஆரம்பத்திலிருந்தே பிள்ளையின் சாய்வைப் பாருங்கள்.

சாய்வு 1-ஐவிட அதிகமானால்: இடது பிள்ளையின் சாய்வு 0-ஐவிடக் குறைவா என்று பாருங்கள். குறைவென்றால் முதலில் அந்தப் பிள்ளையை இடப்புறம் சுழற்றுங்கள். பிறகு, எப்படி இருந்தாலும், நோடை வலப்புறம் சுழற்றுங்கள். சாய்வு −1-ஐவிடக் குறைந்தால்: வலது பிள்ளையின் சாய்வு 0-ஐவிட அதிகமானால் முதலில் அதை வலப்புறம், பிறகு நோடை இடப்புறம். நான்கு நிலைகளும் இந்த இரண்டு நிபந்தனைகளுக்குள் அடங்கிவிட்டன. நான்கு தனி ‘இஃப்’ எழுத வேண்டாம்.

சரி, பென்சிலை எடுங்கள். 60, 30, 15, 40, 50, 35, 75 என்ற வரிசையில் சேர்ப்போம். நான்கு நிலைகளும் ஒவ்வொரு முறை வரும்படி இந்த எண்களை அமைத்திருக்கிறேன். அடைப்புக்குறிக்குள் இடது பிள்ளை முதலில், வலது பிள்ளை அடுத்து.

60, 30, 15 சேர்ந்ததும் 60-இன் சாய்வு 2, அதன் இடது பிள்ளை 30-இன் சாய்வு 1. ஒரே வலப்புறச் சுழற்சி. மரம்: 30 (15, 60).

40 வந்தால் 60-இன் இடதில் அமரும், எதுவும் கெடாது. அடுத்து 50, அது 40-இன் வலதில் அமரும். இப்போது 60-இன் சாய்வு 2, ஆனால் பிள்ளை 40-இன் சாய்வு −1. வளைந்த பாதை. முதலில் 40-ஐ இடப்புறம், பிறகு 60-ஐ வலப்புறம். மரம்: 30 (15, 50 (40, 60)). இங்கே முதல் சுழற்சியை விட்டுவிட்டு 60-ஐ மட்டும் சுழற்றிப் பாருங்கள். 40 மேலே வரும், 60 அதன் வலதில், 50 அந்த 60-இன் இடதில். மறுபடியும் அதே கோணல், வேறு பக்கம்.

35 வந்து 40-இன் இடதில் அமர்கிறது. 50-இன் சாய்வு 1, அதில் பிரச்சினை இல்லை. வேர் 30-இன் சாய்வு −2. வலது பிள்ளை 50 இடப்பக்கம் சாய்ந்திருப்பதால் 50-ஐ வலப்புறம், பிறகு 30-ஐ இடப்புறம். இரண்டாவது சுழற்சியில் நடுக்கிளை காலியில்லை, அதில் 35 இருக்கிறது, அது 30-இன் வலதுக்குப் போகிறது. மரம்: 40 (30 (15, 35), 50 (காலி, 60)). உங்கள் கோடில் 35 காணாமல் போனால் ஆறாம் படியின் இரண்டாவது வரியைப் பாருங்கள்.

கடைசியாக 75. அது 60-இன் வலதில் அமர, 50-இன் சாய்வு −2, ஒரே இடப்புறச் சுழற்சி. மரம்: 40 (30 (15, 35), 60 (50, 75)).

பேப்பரில் இது வந்துவிட்டால் கோடுக்குப் பெரிய சோதனை வையுங்கள். 1 முதல் 7 வரையான எண்களை 5040 விதமாக வரிசைப்படுத்தலாம். எல்லா வரிசையிலும் ஒவ்வொரு மரம் கட்டி, ஒவ்வொரு எண் சேர்ந்த பிறகும் சோதனை ஃபங்ஷனை ஓட்டுங்கள். கணினிக்கு இது நொடி நேர வேலை.

8. நீக்குவது

இலையையோ (பிள்ளையே இல்லாத நோடு) ஒரே பிள்ளை உள்ள நோடையோ நீக்குவது சுலபம், இருக்கும் பிள்ளையை (அல்லது நல்லை) திருப்பித் தந்தால் போதும்.

இரண்டு பிள்ளைகள் இருந்தால் வலப்பக்கக் கிளையின் ஆகச் சிறிய மதிப்பை எடுத்து இந்த நோடில் எழுதி, அந்த மதிப்பை வலப்பக்கக் கிளையிலிருந்து ‘நீக்கு’ ஃபங்ஷனைக் கொண்டே நீக்குங்கள். சிலர் வேகத்துக்காக அந்தச் சிறிய நோடைப் பாயின்டரால் நேரடியாக வெட்டிவிடுகிறார்கள். அப்போது வழியில் இருந்த நோடுகளின் உயரம் புதுப்பிக்கப்படாது. எண்ணிக்கைப் புலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: மதிப்போடு எண்ணிக்கையையும் நகல் எடுங்கள், பிறகு அந்தச் சிறிய நோடின் எண்ணிக்கையை 1 ஆக்கிவிட்டு நீக்குங்கள். இல்லையென்றால் எண்ணிக்கையில் ஒன்று குறையும், நோடு அங்கேயே இருக்கும், ஒரே மதிப்பு இரண்டு இடத்தில் வாழும்.

நீக்கிய பின் அதே உயரம் புதுப்பித்தல், அதே சாய்வுச் சோதனை. ஒரு வித்தியாசம். சேர்க்கும்போது ஓரிடத்தில் சரிசெய்தால் அந்தக் கிளை பழைய உயரத்துக்கே திரும்பிவிடும், மேலே எதுவும் கெடாது. நீக்கும்போது சரிசெய்த கிளை ஒரு மட்டம் குட்டையாகிவிடலாம், அதனால் அதற்கு மேலே உள்ளதும் கெடலாம், வேர் வரை போகலாம். லூப் முறையில் எழுதி ‘ஒருமுறை சுழற்றியதும் நிறுத்து’ என்று வைத்தவர்கள் அதை நீக்கலுக்கும் நகல் எடுத்தால் மாட்டிக்கொள்வார்கள்.

நம் மரத்தில் 15, 35, 30 மூன்றையும் இதே வரிசையில் நீக்குங்கள். 30 போனதும் வேர் 40-இன் சாய்வு −2. வலது பிள்ளை 60-க்கு 50, 75 இரண்டும் இருப்பதால் அதன் சாய்வு 0. சேர்க்கும்போது இந்த நிலை வரவே வராது, நீக்கும்போது மட்டுமே வரும். ஒரே சுழற்சிதான் சரி: 60 (40 (காலி, 50), 75).

இந்த 0-வை இரட்டைச் சுழற்சிப் பக்கம் தள்ளிவிட்டால்? இந்தச் சிறு மரத்தில் 50 (40, 60 (காலி, 75)) என்று வரும், அதுவும் சமனாகவே இருக்கும்! பெரிய மரங்களில்தான் உடையும். ஆகவே நீக்கலுக்கு ஐந்தாறு எண்களோடு சோதித்து நிறுத்தாதீர்கள். 0 முதல் 60 வரை ஏதாவது ஓர் எண்ணை எடுத்து, இருந்தால் நீக்கு, இல்லையென்றால் சேர் என்று ஒரு லட்சம் முறை ஓட்டுங்கள். எண்களின் வீச்சைச் சிறிதாக வைப்பதுதான் இதில் சூட்சுமம். வீச்சு கோடிக்கணக்கில் இருந்தால் ஒரே எண் மறுபடி வராது, நீக்கல் நடக்கவே நடக்காது.

9. ஹீப்: அரேயும் அதன் எண்கணிதமும்

மரத்தை முடித்தவர்களுக்கு ஹீப் ஓய்வு மாதிரி. நோடும் இல்லை, பாயின்டரும் இல்லை, ஒரே அரே. இன்டெக்ஸ் 0-லிருந்து தொடங்கினால், ஓர் இடத்தின் இன்டெக்ஸை இரட்டித்து 1 கூட்டினால் இடது பிள்ளை, 2 கூட்டினால் வலது பிள்ளை. 1 கழித்து இரண்டால் வகுத்து மீதியை விட்டால் பெற்றோர். 1-லிருந்து தொடங்கும் புத்தகங்களில் சூத்திரம் வேறு, கலக்காதீர்கள்.

பெற்றோர் சூத்திரத்தில் வேரிடம் கவனம். சி-யிலும் ஜாவாவிலும் −1-ஐ 2-ஆல் வகுத்தால் 0 வரும், வேர் தன்னோடு தானே ஒப்பிட்டுக்கொண்டு நின்றுவிடும். பைத்தானின் முழுஎண் வகுத்தலில் −1 வரும், பைத்தானில் −1 என்றால் அரேயின் கடைசி இடம். வேருக்குப் போய்ச் சேர்ந்த ஆகச் சிறிய எண் அங்கிருந்து சத்தமில்லாமல் கடைசி இடத்துக்குத் தாவிவிடும். ‘இன்டெக்ஸ் 0-ஐவிடப் பெரியதாக இருக்கும் வரை’ என்ற நிபந்தனையை எந்த மொழியிலும் எழுதிவிடுங்கள்.

10. ஏற்றுவதும் இறக்குவதும்

சிறியது மேலே இருக்கும் ஹீப்பை எடுத்துக்கொள்வோம். சேர்க்கும்போது கடைசியில் போட்டு, பெற்றோரைவிடச் சிறியதாக இருக்கும் வரை இடம் மாற்றி ஏற்றுங்கள். கடைசியில் போடுவது வடிவத்தைக் காக்க, ஏற்றுவது வரிசையைச் சரிசெய்ய. அதே ஏழு எண்களை அதே வரிசையில் சேர்த்தால் அரே இப்படி வரும்: 15, 40, 30, 60, 50, 35, 75.

எடுக்கும்போது வேரைத் தனியே வைத்துக்கொண்டு, கடைசி எண்ணை வேரில் போட்டு, அரேயை ஒன்று குறைத்து, பிறகு இறக்குங்கள். 15-ஐ எடுத்தால் 75 வேருக்கு வரும். பிள்ளைகள் 40, 30. இரண்டில் சிறியதோடு மாற்ற வேண்டும், அதாவது 30-ஓடு. ‘இடது பிள்ளை சிறியதாக இருக்கிறதே’ என்று 40-ஓடு மாற்றினால் 40 வேராகி, அதன் கீழே 30 இருக்கும். இந்தப் பிழையை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை.

இப்போது 75 இருப்பது இன்டெக்ஸ் 2-இல். இடது பிள்ளை இன்டெக்ஸ் 5-இல் 35, வலது பிள்ளை இன்டெக்ஸ் 6, ஆனால் அரேயில் இருப்பது ஆறு எண்கள்தான், கடைசி இன்டெக்ஸ் 5. வலது பிள்ளை இருக்கிறதா என்று பார்க்காமல் ஒப்பிட்டால் எல்லை தாண்டும். சரியாகச் செய்தால்: 30, 40, 35, 60, 50, 75. ஒரே ஓர் எண் மட்டும் உள்ள ஹீப்பிலிருந்து எடுக்கும்போதும் பாருங்கள், கடைசியை அகற்றிய பின் வேர் என்றே ஒன்று இருக்காது.

11. மொத்தமாகக் கட்டுவது

எல்லா எண்களும் முன்பே கையில் இருந்தால் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டாம். அரேயை அப்படியே வைத்து, எண்ணிக்கையில் பாதிக்கு ஒன்று குறைந்த இன்டெக்ஸிலிருந்து 0 வரை பின்னோக்கி வந்து ஒவ்வொன்றையும் இறக்குங்கள். அரேயின் பின்பாதி எல்லாம் இலைகள், அவை இறங்க வழியே இல்லை. கால்வாசி அதிகபட்சம் ஒரு மட்டம் இறங்கும், அரைக்கால்வாசி இரண்டு மட்டம். கூட்டினால் மொத்த நகர்வு எண்ணிக்கையைத் தாண்டாது. ஒவ்வொன்றாகச் சேர்த்தால், இறங்குவரிசையில் வரும் எண்களுக்கு, அடிமட்டத்தில் உள்ள பாதி எண்களும் உச்சி வரை ஏற வேண்டியிருக்கும்.

முன்னோக்கிப் போனால் கெடும். 75, 60, 50, 15, 40 என்ற அரேயில் 0-லிருந்து தொடங்கி இறக்கிப் பாருங்கள். 50, 15, 75, 60, 40 என்று முடியும், வேரின் கீழே அதைவிடச் சிறிய 15. இறக்குதல் சரியாக நடக்க, கீழே உள்ள இரண்டு கிளைகளும் ஏற்கெனவே ஹீப்பாக இருக்க வேண்டும்.

நம் ஏழு எண்களைப் பின்னோக்கிக் கட்டினால் 15, 30, 35, 40, 50, 60, 75 வருகிறது. ஏறுவரிசை! இது தற்செயல், ஏமாறாதீர்கள். பத்தாம் படியில் இதே எண்களுக்கு வேறு அரே வந்தது, அதுவும் சரியான ஹீப்தான். ஹீப்பை அப்படியே அச்சிட்டுப் பார்த்து ‘வரிசையாக இல்லையே’ என்று பிழை தேடுபவர்கள் உண்டு. வரிசை வேண்டுமென்றால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

12. நடுவிலிருந்து நீக்குவதும் சமமான முன்னுரிமையும்

நடுவில் உள்ளதை நீக்க, கடைசி எண்ணை அங்கே போட்டு இறக்கினால் போதும் என்று நினைப்பார்கள். 1, 10, 2, 11, 12, 3, 4 என்ற ஹீப்பில் 11-ஐ நீக்குங்கள். அந்த இடத்துக்கு வரும் 4-இன் பெற்றோர் 10. இறக்க எதுவும் இல்லை, ஏற்ற வேண்டும். கடைசி எண் வேறொரு கிளையிலிருந்து வருவதால் இப்படி ஆகிறது. இரண்டு திசையையும் சோதியுங்கள். நீக்க வேண்டியதன் இன்டெக்ஸ் தெரியாவிட்டால் முழு அரேயையும் தேட வேண்டியிருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

பைத்தானோடு வரும் ஹீப் மாட்யூலான ஹீப்க்யூவில் முன்னுரிமையையும் பொருளையும் டூப்பிளாக (ஒரே ஜோடியாக) போடுவது வழக்கம். இரண்டு முன்னுரிமைகள் சமமானால் அது பொருள்களையே ஒப்பிடப் பார்க்கும், ஒப்பிட முடியாத பொருளென்றால் பிழை. சோதனையில் வராது, ஒருநாள் சமமான இரண்டு வந்து மாட்டும். இரண்டுக்கும் நடுவில் ஏறிக்கொண்டே போகும் ஒரு வரிசை எண்ணைச் சேர்த்துவிடுங்கள். முதலில் வந்தது முதலில் போகும் என்ற ஒழுங்கும் இதனால் கிடைக்கும், ஹீப் அதைத் தானாகத் தராது.

ஜாவாவில் ஒப்பிட ‘முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழி’ என்று எழுதுகிறார்கள். இன்ட் என்ற முழுஎண் வகை 214 கோடிக்குச் சற்று மேல் வரைதான் தாங்கும். ஒன்று பெரிய நேர் எண், மற்றது பெரிய எதிர் எண் என்றால் கழித்தல் நிரம்பி வழிந்து குறி மாறிவிடும். இன்டிஜர் கிளாஸில் இதற்கென்றே இருக்கும் ‘கம்பேர்’ என்பதைப் பயன்படுத்துங்கள். மரத்துக்கும் இது பொருந்தும்.

13. எதை எங்கே

ஆகச் சிறியதோ பெரியதோ மட்டும் திரும்பத் திரும்ப வேண்டுமென்றால் ஹீப். ஏதோ ஒரு மதிப்பைத் தேட, இதற்கு அடுத்தது எது என்று கேட்க, இரண்டு எல்லைகளுக்கு இடைப்பட்டவற்றை எடுக்க மரம்.

10 லட்சம் எண்களில் ஆகப் பெரிய 10 வேண்டுமென்றால், சிறியது மேலே இருக்கும் ஹீப்பைப் பத்து இடங்களோடு வையுங்கள். புதிய எண் வேரைவிடப் பெரியதானால் வேரை அகற்றி அதைப் போடுங்கள். பெரியது வேண்டும் என்பதால் பெரியது மேலே இருக்கும் ஹீப்பை எடுப்பது இயல்பாகத் தோன்றும், ஆனால் பத்துப் பேரில் யாரை வெளியே அனுப்புவது என்று கேட்டால் உடனே பதில் தர வேண்டியது அந்தப் பத்தில் சிறியது.

வேலைக்குப் போகும் கோடில் இவற்றை நீங்களே எழுத வேண்டியது அரிது. ஜாவாவின் ட்ரீமேப் சிவப்பு–கறுப்பு மரம் (தானாகச் சமன் செய்துகொள்ளும் இன்னொரு வகைத் தேடல் மரம்), அதன் ப்ரையாரிட்டி க்யூ சிறியது மேலே இருக்கும் ஹீப். சி பிளஸ் பிளஸ்ஸின் ப்ரையாரிட்டி க்யூ இயல்பாகப் பெரியதை மேலே வைக்கும், மொழி மாறுபவர்கள் இதில் சறுக்குவார்கள். சிவப்பு–கறுப்பு மரம் ஏ.வி.எல்.-ஐவிடத் தளர்வாகச் சமன் செய்கிறது, சுழற்சி இதே சுழற்சிதான். அதை முதலில் கற்க வேண்டாம் என்பது என் கருத்து, நிற விதிகளின் நெரிசலில் சுழற்சியே மறந்துவிடும்.

‘சிறியதிலிருந்து எண்ணினால் 500-ஆவது எது’ என்ற கேள்விக்குத் தயார் மரங்களில் பெரும்பாலும் நேரடிப் பதில் கிடையாது. அப்போதுதான் நீங்கள் எழுதிய ஏ.வி.எல். உதவும். ஒவ்வொரு நோடிலும் தன் கிளையில் மொத்தம் எத்தனை என்ற புலத்தைச் சேருங்கள், எண்ணிக்கைப் புலம் வைத்திருந்தால் அதையும் கூட்டி. அதைப் புதுப்பிக்கும் வரியை உயரம் புதுப்பிக்கும் அதே ஃபங்ஷனுக்குள் போட்டுவிட்டால் சுழற்சியைத் தொடவே வேண்டாம், மேல் முதலில் கீழ் பிறகு என்ற வரிசை இதற்கும் சரியாக இருக்கும். சோதனை ஃபங்ஷனில் நான்காவது சோதனையாக இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.